நீல ஒளியில் இறுகும் ரெசின்: எலக்ட்ரான் கைமாறும் வேகத்தின் கணக்கு

பற்குழியில் கம்போசிட் பசையை அடைத்து, கியூரிங் லைட்டை 20 விநாடி காட்டினால் பசை கல் போல இறுகிவிடுகிறது. விளக்கின் அலைநீளம் 470 நானோமீட்டரை ஒட்டியது. முனையில் அதன் செறிவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1000 மில்லிவாட். ஃபோட்டான் எண்ணிக்கையாகச் சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டரில் விநாடிக்கு 2.4 × 10¹⁸. இதில் ரெசின் உறிஞ்சுவது ஒரு பகுதிதான். உறிஞ்சியதிலும் பத்தில் ஒன்றுக்குக் குறைவான ஃபோட்டான்களே தொடக்கியை, அதாவது இறுகும் வினையைத் தொடங்கிவைக்கும் மூலக்கூறை, நிலையாக வினைப்படுத்துகின்றன. மீதி வெப்பமாகிப் போகிறது.

விளக்கை இன்னும் பிரகாசமாக்கினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீராது. சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து இறுகும் இந்த வகைப் பலபடியாக்கலில் வேகத்தைத் தீர்மானிப்பது, கைமாறிய எலக்ட்ரான் வந்த இடத்துக்கே திரும்புவதற்குள் வேறொரு மீளாத வினை அதை முந்திக்கொள்கிறதா என்பதுதான்.

ஒளித்தொடக்கிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஒளி பட்டதும் தானே இரண்டாக உடைந்து இரண்டு தனியுறுப்புகளை, அதாவது இணையில்லா எலக்ட்ரானுள்ள துண்டுகளை, தரும். பென்சாயின் ஈதர்கள், பாஸ்பீன் ஆக்சைடுகள் இந்த வகை. உடைவதற்குத் துணை தேவையில்லை. இரண்டாம் வகை தானே உடையாது. கிளர்வுற்ற மூலக்கூறு தன் ஆயுள் முடிவதற்குள் ஒரு துணை மூலக்கூறைச் சந்தித்து, அதனிடமிருந்து எலக்ட்ரானை வாங்கியாக வேண்டும். சந்திப்பு என்று ஒன்று வந்துவிட்டதால் செறிவு, பாகுத்தன்மை, ஆயுள், போட்டி வினைகள் எல்லாம் கணக்கில் நுழைகின்றன. சாயமும் ஒடுக்கியும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே பலபடியாக்கலைத் தொடங்க முடியும் என்று ஜெரால்ட் ஆஸ்டர் 1954இல் காட்டினார். பல் மருத்துவத்தில் 1970களின் தொடக்கத்தில் வந்த முதல் ஒளிக் கம்போசிட்டுகள் புற ஊதாவை நம்பியிருந்தன. அது பசைக்குள் ஆழமாகப் போகவில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை. அதன் இடத்தைப் பிடித்தது கேம்ஃபர்குவினோனும், எலக்ட்ரான் தரும் நைட்ரஜன் சேர்மமான அமீனும் சேர்ந்த இணை. கற்பூரத்தை ஆக்ஸிஜனேற்றினால் கிடைக்கும் இந்த மஞ்சள் தூள் 468 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சுகிறது. இத்தனை ஆண்டுகளில் புதுத் தொடக்கிகள் எவ்வளவோ வந்துவிட்டன. பெரும்பாலான பசைகளில் இன்னும் இதுதான் இருக்கிறது.

மும்மை நிலை இல்லாமல் நடக்காது

நீல ஃபோட்டானை விழுங்கிய கேம்ஃபர்குவினோன் முதலில் ஒற்றைக் கிளர்நிலைக்கு (இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிர்ப் பக்கம்) போய், அங்கிருந்து ஏறக்குறைய முழுவதுமாக மும்மை நிலைக்கு (தற்சுழற்சி ஒரே பக்கம்) இறங்குகிறது. அமீன் மூலக்கூறு பக்கத்தில் வந்தால் நைட்ரஜனின் தனி இணையிலிருந்து ஓர் எலக்ட்ரான் குவினோனுக்குத் தாவுகிறது. எலக்ட்ரான் வாங்கிய குவினோனான எதிர்மின் கீட்டைலும் நேர்மின் அமீனும் ஒட்டியபடி ஓர் அயனி இணை உருவாகிறது. அமீனின் நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனிலிருந்து ஒரு புரோட்டான் எலக்ட்ரானைப் பின்தொடர்ந்து போனதும், இரண்டு நடுநிலைத் தனியுறுப்புகள் மிஞ்சுகின்றன. ரெசினின் ஒற்றைப்படியான (சங்கிலியில் கோக்கும் சிறு மூலக்கூறு) மெத்தாக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பைத் தாக்கிச் சங்கிலியைத் தொடங்குவது அமீன் தரப்புத் தனியுறுப்பு. கீட்டைல் சங்கிலியைத் தொடங்குவதில் மந்தம். வளரும் சங்கிலிகளோடு சேர்ந்து அவற்றை முடித்துவைப்பதில்தான் அதற்கு ஆர்வம்.

இந்தப் பந்தயத்தை எண்களில் பார்க்கலாம். ரெசினின் முக்கிய மெத்தாக்ரிலேட்டான பிஸ்-ஜிஎம்ஏ தனியாக இருந்தால் தேனைவிடக் கெட்டி, அதனால் டிஇஜிடிஎம்ஏ என்ற இளகிய மெத்தாக்ரிலேட்டைச் சேர்த்து இளக்குவார்கள். கலவையின் பாகுத்தன்மை 1 பாஸ்கல் விநாடி, அதாவது தண்ணீரைப்போல ஆயிரம் மடங்கு, என்று கொள்வோம். மூலக்கூறுகள் சந்திக்கும் வேகத்தின் உச்ச வரம்பான பரவல் வரம்பு வினைவேக மாறிலி என்பது 8 × வாயு மாறிலி × வெப்பநிலை ÷ (3 × பாகுத்தன்மை). அறை வெப்பநிலையில் இது சுமார் 6.6 × 10⁶ லிட்டர்/மோல்·விநாடி. அமீன் செறிவு லிட்டருக்கு 0.05 மோல், எத்தில் 4-டைமெத்தில்அமினோபென்சோயேட் என்றால் எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் பெருக்கினால், கிளர்வுற்ற ஒரு மூலக்கூறு அமீனைச் சந்திக்கும் வேகம் விநாடிக்கு 3.3 × 10⁵.

ஒற்றை நிலையின் ஆயுள் 10 நானோவிநாடி என்றால், அது தானே அணையும் வேகம் விநாடிக்கு 10⁸. சந்திப்பு வெல்லும் வாய்ப்பு 0.3 சதவீதம்தான். மும்மை நிலையின் ஆயுள் 20 மைக்ரோவிநாடி என்றால் அணையும் வேகம் 5 × 10⁴. சந்திப்பு வெல்லும் வாய்ப்பு 87 சதவீதம். ஆயுளைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை. பளிச்சென்று ஒளிரும் சாயங்கள் பல தொடக்கியாகத் தோற்பதற்கும், நான்கு புரோமின் அணுக்களால் மும்மை நிலைக்குத் தள்ளப்படும் இயோசின் என்ற சாயம் வெல்வதற்கும் காரணம் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இதே கணக்கில் ஆக்ஸிஜனையும் சேர்ப்போம். காற்றோடு சமநிலையில் உள்ள ரெசினில் அது லிட்டருக்குச் சுமார் 10⁻³ மோல் கரைந்திருக்கும். மூலக்கூறு சிறியது என்பதால் கெட்டியான ஊடகத்திலும் அமீனைவிட வேகமாக நகரும். அதன் மாறிலியை 5 × 10⁸ என்று வைத்தால் மும்மை நிலையை அணைக்கும் வேகம் விநாடிக்கு 5 × 10⁵. 87 சதவீதம் 38ஆக விழுகிறது. தண்ணீர் போன்ற கரைசலில் அளந்த திறனை நம்பிக் கெட்டி ரெசினுக்குக் கலவை வகுத்தால் அடி விழும் இடம் இது. பாகுத்தன்மை அமீனைக் கட்டிப்போடும் அளவுக்கு ஆக்ஸிஜனைக் கட்டிப்போடுவதில்லை.

திரும்பிப் போகும் எலக்ட்ரான்

எலக்ட்ரான் தாவுமா என்பதை ரேம், வெல்லர் இருவரும் 1970இல் பயன்படுத்திய சமன்பாட்டால் மதிப்பிடுவது வழக்கம்: கொடையாளியின் ஆக்ஸிஜனேற்ற மின்னழுத்தம், கழித்தல் ஏற்பியின் ஒடுக்க மின்னழுத்தம், கழித்தல் கிளர்நிலை ஆற்றல், கூடவே மின்னூட்டங்களின் ஈர்ப்புக்கு ஒரு சிறு திருத்தம். விடை எதிர்க்குறியில் வந்தால் தாவல் ஆற்றல் அளவில் சாதகம். கேம்ஃபர்குவினோனின் மும்மை ஆற்றல் சுமார் 2.2 எலக்ட்ரான் வோல்ட். இயோசினுக்குச் சுமார் 1.9, அதன் ஒடுக்க மின்னழுத்தம் −1.06 வோல்ட் அளவில் இருப்பதால், கிளர்வுற்ற இயோசின் சுமார் 0.83 வோல்ட் வலிமையுள்ள ஆக்ஸிஜனேற்றி ஆகிறது. பொதுவான மூன்றாம்நிலை அமீன்களின் ஆக்ஸிஜனேற்ற மின்னழுத்தம் 0.8 முதல் 1.1 வோல்ட் வரை. கூட்டிக் கழித்தால் விடை பூஜ்யத்தை ஒட்டியே வருகிறது, சில நேரம் நேர்க்குறியில்கூட.

அப்படியிருந்தும் வினை நடக்கிறது. அமீன் நேரயனி புரோட்டானை இழந்த பின் பழைய நிலைக்கு எளிதில் திரும்ப வழியில்லை. முன்னால் உள்ள சமநிலையை இந்த மீளா அடி இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் மின்னழுத்தப் பட்டியலை மட்டும் வைத்து அமீனைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவார்கள். நைட்ரஜனுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இல்லாத அமீன், உதாரணமாக டிரைபீனைல்அமீன், எலக்ட்ரானை நன்றாகவே தரும். ஆனால் இழக்கப் புரோட்டான் இல்லாததால் எலக்ட்ரான் திரும்பிவிடும், ரெசின் அப்படியே இருக்கும். மூன்றாவது கூறு ஒன்று இல்லாமல் அதனால் பயனில்லை.

மும்மை நிலையின் இன்னொரு உதவியும் இங்கே உண்டு. மும்மை நிலையிலிருந்து பிறந்த அயனி இணையில் இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே பக்கம். எலக்ட்ரான் திரும்பிப் போய்த் தரைநிலையை அடைய வேண்டுமானால் முதலில் ஒரு தற்சுழற்சி புரள வேண்டும். அந்தத் தாமதத்தில்தான் புரோட்டான் தாவவும் இணை பிரியவும் நேரம் கிடைக்கிறது. ஒற்றை நிலையில் பிறந்த இணைக்கு அந்தச் சலுகை இல்லை.

தாவும் வேகத்துக்கும் ஆற்றல் வேறுபாட்டுக்கும் உள்ள உறவை ருடால்ஃப் மார்கஸ் 1956 முதல் வகுத்தார். அதற்காக 1992இல் நோபல் பரிசு பெற்றார். வேறுபாடு ஓர் எல்லைக்கு மேல் போனால் வேகம் குறையத் தொடங்கும் என்பது அவர் கண்ட விசித்திரம். எலக்ட்ரான் திரும்பும் பாதையின் ஆற்றல் இறக்கம் பெரியது என்பதால், அது அந்தத் தலைகீழ்ப் பகுதியில் விழுந்தால் தொடக்கிக்கு லாபம்.

எவ்வளவு போடுவது

கேம்ஃபர்குவினோனின் மோலார் உறிஞ்சல் கெழு உச்சத்தில் சுமார் 40 லிட்டர்/மோல்·செ.மீ.தான். இயோசினுக்கு இது ஒரு லட்சத்தை ஒட்டியது. அதனால் இயோசின் மைக்ரோமோல் கணக்கில் போதும், கேம்ஃபர்குவினோன் எடையில் 0.2 முதல் 1 சதவீதம் வரை வேண்டியிருக்கிறது. இந்தப் பலவீனமே இங்கே வசதி. ஒளி மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடாமல் கீழே இறங்குகிறது.

நிரப்பித் துகள் இல்லாத வெறும் ரெசினில் 0.5 சதவீதம் போட்டால் செறிவு லிட்டருக்கு 0.033 மோல். 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒளியில் 54 சதவீதம் மிஞ்சியிருக்கும். தொடக்கியைக் கூட்டினால் அந்த ஆழத்தில் உறிஞ்சுவதற்கு மூலக்கூறுகள் கூடும், ஆனால் வந்து சேரும் ஒளி குறையும். இரண்டின் பெருக்கற்பலன் உச்சம் தொடுவது, இயல் மடக்கை அளவில் உறிஞ்சல் கெழு × செறிவு × ஆழம் ஒன்றாகும்போது. 2 மில்லிமீட்டருக்கு அந்த உச்சம் சுமார் 0.8 சதவீதத்தில் வருகிறது, 4 மில்லிமீட்டருக்கு 0.4இல். அதற்கு மேல் போடப்போட மேல்பக்கம் சீக்கிரம் இறுகும், அடிப்பக்கம் பசையாகவே நிற்கும். மேலே நகத்தால் கீறிப் பார்த்துத் திருப்தி அடைபவருக்கு இது தெரியாது. பல் ரெசின்களுக்கான ஐஎஸ்ஓ 4049 தரப்படி செய்யும் ஆழச் சோதனையில் அச்சில் இறுக்கிய பசையின் அடிப்பக்கத்தில் இளகியிருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய நீளத்தைப் பாதியாக்கியே கணக்கில் கொள்கிறார்கள். சுரண்டலுக்குத் தாங்கியது எல்லாம் முழுதாக இறுகியது ஆகாது. உண்மையான கம்போசிட்டில் எடையில் முக்கால் பங்கு கண்ணாடித் துகள். அது ஒளியைச் சிதறடிப்பதால் மேலே சொன்ன எண்கள் இன்னும் கடுமையாகும்.

அமீனின் அளவு வேறு கதை. கூட்டக்கூட எலக்ட்ரான் பரிமாற்றத் திறன் ஏறி, ஒரு கட்டத்தில் சமதளமாகிவிடும்; மேலே பார்த்த 87 சதவீதத்தை 93 ஆக்க அமீனை இரட்டிக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். மிச்ச அமீன் நாளடைவில் மஞ்சளாகும், எச்சிலில் கசியும், சங்கிலிகளின் நுனியிலிருந்து தனியுறுப்பைப் பறித்து அவற்றைக் குட்டையாக்கும்.

வர்க்கமூலம் செய்யும் வேலை

பலபடியாக்கலின் வேகம் = வளர்ச்சி மாறிலி × இரட்டைப் பிணைப்புகளின் செறிவு × √(தொடக்க வேகம் ÷ முடிவு மாறிலி). சங்கிலிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மடிவதால் வந்த வர்க்கமூலம் இது. ஒளியை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்குதான்.

ஆழத்தில் இது நல்லது செய்கிறது: பத்தில் ஒரு பங்கு ஒளி மட்டும் சேரும் இடத்திலும் வேகம் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். விளக்கு விற்பனையில் இது தலைவலி. 1000 மில்லிவாட்டில் 20 விநாடி, 3000 மில்லிவாட்டில் 6.7 விநாடி இரண்டுமே சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல்தான். ஆனால் வேகம் 1.7 மடங்குதான் ஏறியது, நேரமோ மூன்றில் ஒன்றாகிவிட்டது. முதல் மதிப்பீட்டில் இரண்டாவது விளக்கு செய்யும் வேலை முதலாவதில் 58 சதவீதம். மூன்று விநாடியில் முடித்துத் தருவதாகச் சொல்லும் விளக்கை வாங்குமுன் போட வேண்டிய கணக்கு இது. உடைந்து தனியுறுப்பு தரும் முதல் வகைத் தொடக்கியும் சேர்த்த பசைகளில் இந்த வேறுபாடு குறையலாம். கேம்ஃபர்குவினோன் மட்டும் உள்ள பசையில் எதிர்பார்க்கக் கூடாது.

வர்க்கமூலம் கடைசிவரை நிற்பதும் இல்லை. டைமெத்தாக்ரிலேட்டுகள் வினையின் தொடக்கத்திலேயே வலைப்பின்னலாகிவிடுகின்றன. நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று தேடி நகர முடியாமல் முடிவு மாறிலி சரிகிறது, வேகம் தானே ஏறுகிறது. பிறகு ரெசின் கண்ணாடியாக உறையும்போது சிறிய ஒற்றைப்படிகளும் சிக்கிக்கொள்ள, வேகம் விழுகிறது. அதனால்தான் இரட்டைப் பிணைப்புகளில் பெரும்பாலும் 55 முதல் 75 சதவீதமே வினைப்படுகின்றன. அந்த உறைந்த நிலையில் தனியுறுப்புகள் தனித்தனியே சிறைப்படுவதால், ஒளிச் செறிவின் அடுக்கு அரையிலிருந்து (வர்க்கமூலம்) ஒன்றை நோக்கி நகர்கிறது.

எலக்ட்ரான் பரிமாற்றமும் அப்போது மாட்டிக்கொள்கிறது. லிட்டருக்கு 0.05 மோல் அமீன் என்றால் மூலக்கூறுகளுக்கு இடையே சராசரியாக 3 நானோமீட்டருக்கு மேல் தூரம். நீர்மத்தில் நடந்து கடந்த அந்தத் தூரத்தைக் கண்ணாடியில் கடக்க முடியாது. ஏற்கெனவே தொட்டுக்கொண்டு நிற்கும் இணைகள் மட்டுமே வேலை செய்யும். இறுகிவிட்ட பசைமேல் இன்னும் 20 விநாடி விளக்கைப் பிடித்தால் கிடைக்கும் பலனில் கணிசமான பங்கு, விளக்கின் சூடு தரும் இளக்கம்.

ஆக்ஸிஜனும் அமிலமும்

வளரும் தனியுறுப்பு ஒற்றைப்படியோடு வினைபுரிவதைவிட ஆக்ஸிஜனோடு லட்சம் மடங்கும் அதற்கு மேலும் வேகமாக வினைபுரிகிறது. எனவே கரைந்த ஆக்ஸிஜன் பெரும்பாலும் தீரும்வரை பலபடியாக்கல் தலையெடுக்காது. இந்தக் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடலாம். 1000 மில்லிவாட்டில் மேற்பரப்பு ரெசின் உறிஞ்சுவது லிட்டருக்கு விநாடிக்கு 0.012 மோல் ஃபோட்டான். அதில் 7 சதவீதம் பயன்பட்டால் தொடக்க வேகம் சுமார் 8 × 10⁻⁴. ஆக்ஸிஜன் 10⁻³ மோல், ஆகவே ஒன்றேகால் விநாடி. அதே ரெசினை ஆய்வகத்தில் 10 மில்லிவாட் விளக்கில் வைத்தால் இரண்டு நிமிடம். மேல்படலத்தில் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருப்பதால் அது இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு அது உதவி, கடைசி அடுக்கில் மெருகேற்றி எடுத்துவிட வேண்டியது. அமீனுக்கு இங்கே இரண்டாம் வேலை உண்டு: ஆக்ஸிஜனோடு சேர்ந்து உருவான பெராக்ஸில் தனியுறுப்பு அமீனிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, புதிய அமீன் தனியுறுப்பு பிறந்து இன்னொரு ஆக்ஸிஜனை விழுங்குகிறது.

அமிலம் வேறு விதமான எதிரி. பல்லில் ஒட்டும் பசைகளில் 10-எம்டிபி போன்ற, அமிலத்தன்மையுள்ள பாஸ்பேட் ஒற்றைப்படிகள் இருக்கும். புரோட்டானேற்றம் அடைந்த அமீனில் தனி இணை பூட்டப்பட்டுவிடுகிறது, கொடுப்பதற்கு எலக்ட்ரான் இல்லை. மஞ்சள் நிறமும் ஒளி உறிஞ்சலும் அப்படியே இருக்கும். ரெசின் மட்டும் இறுகாது. பென்சீன் வளையத்தோடு நைட்ரஜன் இணையாத அலிஃபாட்டிக் அமீன்கள் வலிமையான காரங்கள் என்பதால் அவைதான் முதலில் பலியாகின்றன. அந்த வளையத்தோடு இணைந்த அரோமாட்டிக் அமீன் ஓரளவு தாங்கும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் அமீனை நம்பாத பாஸ்பீன் ஆக்சைடு வகைக்குப் போகலாம், ஆனால் அவை 400 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சுபவை. நீலம் மட்டும் தரும் எல்இடி விளக்கில் அரைகுறையாகவே வேலை செய்யும்.

மூன்றாவது கூறாக டைபீனைல்அயோடோனியம் உப்பை ஒரு சதவீதம் அளவில் சேர்ப்பது எனக்குத் தெரிந்த திருத்தங்களில் அழகானது. முன்பு சங்கிலிகளைக் கொன்றுகொண்டிருந்த கீட்டைல், தன் எலக்ட்ரானை இந்த உப்புக்குக் கொடுத்துவிட்டு மறுபடி கேம்ஃபர்குவினோன் ஆகிறது. எலக்ட்ரான் வாங்கிய உப்பில் கார்பன்–அயோடின் பிணைப்பு உடனே உடைந்து பீனைல் தனியுறுப்பு வருகிறது. உடைந்த பிணைப்பு மறுபடி ஒட்டுவதில்லை, திரும்பும் பாதை அடைபட்டுப் போகிறது. ஒரு ஃபோட்டானுக்கு இரண்டு தொடக்கும் தனியுறுப்புகள், கொலைகாரன் ஒருவன் குறைவு, சாயமும் மீட்கப்படுகிறது.

அளக்கும்போது

அகச்சிவப்பு நிறமாலையில் மெத்தாக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பு 1637 செ.மீ.⁻¹இல் தெரியும். பிஸ்-ஜிஎம்ஏவின் அரோமாட்டிக் பட்டை 1608இல் மாறாமல் நிற்பதால் அதையே அளவுகோலாக வைத்து, விளக்கு எரிய எரியப் பதிவு செய்யலாம். ஒளி-வெப்ப அளவியில் என்றால், மெத்தாக்ரிலேட் இரட்டைப் பிணைப்பு ஒரு மோலுக்கு ஏறக்குறைய 55 கிலோஜூல் வெளியிடும் என்ற கணக்கிலிருந்து வேகம் நேரடியாக வருகிறது. சில மில்லிகிராம் மாதிரி போதும். படலம் தடித்தால் மேலும் கீழும் வெவ்வேறு வேகங்கள் கலந்த சராசரிதான் கிடைக்கும். சூடு வெளியேறாமல் வெப்பநிலை ஏறிப் போய், அதைத் தொடக்கியின் திறமை என்று எழுதிவிடுவார்கள். இரண்டு தொடக்கிகளை ஒப்பிடும்போது எடைச் சதவீதத்தைச் சமமாக வைப்பதும் தவறு. 470 நானோமீட்டரில் உறிஞ்சும் ஃபோட்டான்கள் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பிடுவது உறிஞ்சல் கெழுவை மட்டுமே.

காத்திருப்பு நேரம் நீண்டால் தொடக்கி மந்தம் என்று முடிவெடுப்பது இன்னொரு பொதுவான தடுமாற்றம். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைத்தோ நைட்ரஜன் செலுத்தியோ ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், அந்த நேரத்தில் எவ்வளவு ஆக்ஸிஜனால் வந்தது என்று தெரிந்துவிடும். விளக்கை நடுவில் அணைத்துவிட்டு வளைவைத் தொடர்ந்து பதிவு செய்வதும் பயனுள்ளது. தொடக்கம் நின்ற பிறகு வேகம் எப்படிச் சரிகிறது என்பதிலிருந்து முடிவு மாறிலிக்கும் வளர்ச்சி மாறிலிக்கும் உள்ள விகிதம் கிடைக்கிறது. பத்து, இருபது, நாற்பது சதவீத மாற்றத்தில் தனித்தனி மாதிரிகளில் அணைத்துப் பார்த்தால், முடிவு மாறிலி எந்த இடத்தில் சரியத் தொடங்குகிறது என்பது வரைபடத்திலேயே தெரியும்.